ஆசிரியருக்கு: பெட்டிக்குப் பிறேக் எங்கை?

வணக்கம் ஆசிரியர் அவர்களே,

போன கிழமை உங்கட பேப்பரில கோடை விடுமுறைப் பக்கத்தில ட்ரெயிலர் வாங்கிறவை என்னென்ன பாக்கவேணும் எண்டு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்கள், வாசிச்சன், நல்லாத்தான் எழுதியிருந்தது, ட்ரெயிலரை வண்டியில கொழுவிற ஹிச் பற்றி இருந்தது, லைற் பற்றி இருந்தது, இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லவேணும் எண்டது கூட இருந்தது, ஆனா பிறேக் எண்ட சொல்லு ஒரு இடத்திலயும் இல்லை. ரெண்டு தரம் பாத்தன், மனுசியையும் பாக்கச் சொன்னன், இல்லை. அதுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், வெட்டத்தான் வேணுமெண்டால் என்ர சொந்தக் கதையை வெட்டுங்கோ, வயர் கதையை வெட்டாதேங்கோ.

நான் கனடாவில, ஸ்காபரோவில மணவறை டெக்கரேஷன் செய்யிறனான். தூண், வளைவு, கதிரை, கம்பளம், ஜெனரேட்டர், பூச்சட்டி எல்லாம் ஏத்திக்கொண்டு ஒரு சனிக்கிழமை மிசிசாகா, அடுத்த நாள் ஏஜக்ஸ் எண்டு கோடை முழுக்க ஓட்டம்தான். முந்தி வாடகைக்கு எடுத்தனான், பேந்து சொந்தமா ஒரு மூடின ட்ரெயிலர், நாங்கள் பெட்டி எண்டுதான் சொல்லுறது, வாங்கினன், 12 அடி நீளம், ஒரு அச்சு, ரெண்டு சில்லு. விக்கேக்க கடைக்காரர் சொன்னது, "அண்ணை இது சின்னன், இதுக்குப் பிறேக் தேவையில்லை, சட்டப்படி சரி". சரியெண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன், ஏனெண்டா எனக்கு ட்ரெயிலரில பிறேக் எண்டு ஒரு சாமான் இருக்கெண்டதே அண்டைக்குத்தான் தெரியும்.

அந்தக் கடைக்காரர் பொய் சொல்லேல்லை, அதுதான் இதில விசயமே. பெட்டியின்ர முன்பக்கத்தில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உங்களிட்டயும் இப்பிடி ஒரு அச்சுப் பெட்டி இருந்தா இப்பவே போய்ப் பாருங்கோ, அதில அனேகமா 2,990 இறாத்தல் எண்டு இருக்கும். ஏன் 3,000 இல்லை, ஏன் 2,950 இல்லை? ஒன்ராறியோவில ட்ரெயிலரின்ர மொத்தப் பாரம் 1,360 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 3,000 இறாத்தல், அந்த அளவோ அதுக்கு மேலயோ போனா அதுக்கெண்டு தனிப் பிறேக் இருக்கவேணும் எண்டு சட்டம். 2,990 எண்டா 1,356 கிலோ. நாலு கிலோ வித்தியாசத்தில தப்பிறதுக்கெண்டே அடிச்ச இலக்கம் அது. செய்யிறவனுக்கு ரெண்டு பிறேக்கின்ர செலவு மிச்சம், வாங்கிறவனுக்கும் விலை குறைவு, எல்லாருக்கும் சந்தோசம். ஆனா சட்டம் கேக்கிற மொத்தப் பாரம் வெறும் பெட்டியின்ர பாரம் இல்லை, சாமானும் சேர்த்து. வெறும் பெட்டியே 1,300, 1,400 இறாத்தல் வரும், அதுக்குள்ள ஒரு மணவறையை ஏத்தினா என்ன ஆகும் எண்டு ஆராவது யோசிச்சவையோ, நான் யோசிக்கேல்லை.

யோசிக்க வைச்சது ஒரு ராத்திரி. மிசிசாகாவில கலியாணம் முடிஞ்சு எல்லாம் கழட்டி ஏத்தி 401 நெடுஞ்சாலையில திரும்பி வாறன், மழை தூறுது, நேரம் ரெண்டு மணி, முன்னால ஒரு கார் லேன் மாறி வந்து பட்டெண்டு பிறேக் அடிச்சான், நானும் அடிச்சன். வண்டி நிக்க வெளிக்கிட்டது, பெட்டி நிக்கேல்லை. பின்னால இருந்து ஆரோ தோள்பட்டையால தள்ளுற மாதிரி ஒரு உந்து, பிக்கப்பின்ர பின்பக்கம் மெல்ல இடப்பக்கம் இழுபடுது, கண்ணாடியில பாத்தா என்ர பெட்டியின்ர பக்கத்தில எழுதியிருக்கிற என்ர கொம்பனிப் பேரை நான் வாசிக்கிறன். முருகா எண்டு காலை எடுத்தன், நேராச்சுது, அந்தக் காருக்கும் எனக்கும் இடையில எவ்வளவு இடம் இருந்ததெண்டு இப்பவும் சொல்ல விருப்பமில்லை. பக்கத்தில இருந்த பொடியன் அதுக்குப் பிறகு வேலைக்கு வரேல்லை, அவனில பிழையில்லை.

அடுத்த கிழமை லொறிகள் நிக்கிற இடத்தில தராசில ஏத்திப் பாத்தன். பெட்டி மட்டும் 1,720 கிலோ. 1,356 எழுதின பெட்டி, பிறேக் இல்லை, இத்தனை வருசம். எனக்கு வேர்த்துப்போச்சு.

இதில ஒண்டு சொல்லவேணும், ஊரில இதே பாரத்தை ட்ரக்டர்ப் பெட்டியில இழுத்த ஆக்கள்தானே நாங்கள், ரெண்டு சில்லு லான்ட்மாஸ்டர் ட்ரக்டரின்ர பெட்டியில கூட ஓடுறவரின்ர காலுக்கு ஒரு பிறேக் இருந்தது, ஏனெண்டா முன்னால இருக்கிற மிசினால பெட்டியை நிப்பாட்ட ஏலாது எண்டு அதைச் செய்தவனுக்குத் தெரியும். யாழ்ப்பாணமெண்டா தட்டை நிலம், ஓடுற வேகமும் அவ்வளவுதான். இஞ்சை 100இல ஓடிக்கொண்டு பெட்டிக்குப் பிறேக் இல்லாமல் திரியிறம்.

சரி, அந்தப் பெட்டியை விக்கிறதெண்டு முடிவெடுத்து ரெண்டு அச்சு, நாலு சில்லு, நாலிலயும் எலக்ட்ரிக் பிறேக் இருக்கிற பெட்டி ஒண்டு வாங்கினன், அது 7,000 இறாத்தலுக்கு அடிச்சது. இனித்தான் முக்கியமான விசயம். பெட்டியில பிறேக் இருந்தா மட்டும் அது பிடிக்காது. அந்தப் பிறேக்குக்குள்ள ஒரு காந்தம் இருக்கு, கரண்ட் போனாத்தான் அது சில்லோட சுத்துற ட்ரம்மில போய் ஒட்டும், ஒட்டினா ட்ரம் அதை இழுத்துக்கொண்டு போகப் பாக்கும், அந்த இழுவையில ஒரு கை திரும்பி பிறேக் கட்டையை ட்ரம்மோட அழுத்தும். கரண்ட் கனக்கப் போனா கனக்கப் பிடிக்கும், குறையப் போனா குறையப் பிடிக்கும். எப்ப அனுப்புறது, எவ்வளவு அனுப்புறது எண்டு வண்டிக்குள்ள இருந்து தீர்மானிக்கிற சின்னச் சாமான்தான் பிறேக் கொன்ட்ரோலர். அது இல்லாட்டில் நாலு பிறேக்கும் சும்மா அலங்காரம். எங்கட ஆக்களில கனபேரிட்ட இப்பிடித்தான் இருக்கு, பெட்டியில பிறேக் இருக்கு, வண்டியில நாலு பின், அதாவது நாலு முள்ளு, இருக்கிற லைற் பிளக் மட்டும், அதில பிறேக்குக்கு வயரே இல்லை, பிறேக் லைற் எரியுது, அதால பிறேக் பிடிக்குது எண்டு நினைச்சுக்கொண்டு ஓடுகினம். ஏழு பின் பிளக் வேணும், அதில ஒரு நீல வயர் வரும், அதுதான் பிறேக்.

எல்லாப் பெட்டிக்கும் இது வேணுமெண்டும் இல்லை. படகு கொண்டு போறதிலயும் வாடகைக்கு எடுக்கிற கன பெட்டிகளிலயும் தானாப் பிடிக்கிற பிறேக் இருக்கும், பெட்டி வண்டியை முட்டித் தள்ளேக்க அந்தத் தள்ளலே உள்ளுக்கிருக்கிற எண்ணெயை அழுத்தி பிறேக் பிடிக்கும், அதுக்குக் கொன்ட்ரோலர் தேவையில்லை. புதுப் பிக்கப் கனக்கதில கொம்பனியே கொன்ட்ரோலரைப் பூட்டித் தரும், போர்ட் 2005இல சூப்பர் டியூட்டியில துவங்கினது. என்ர பழைய பிக்கப், அதில ஒண்டுமில்லை.

முதல் கொன்ட்ரோலர் பூட்ட ஒரு கடையில குடுத்தன். பேர் வேண்டாம், எங்கட ஆக்கள் கனபேர் போற இடம். ஒரு மணித்தியாலத்தில பூட்டித் தந்திட்டினம், ஓடிப் பாத்தன், பிறேக் அடிச்சா பெட்டியும் பிடிக்குது, காசைக் குடுத்திட்டு வந்திட்டன். ஒரு மாசம் ஓடியிருப்பன், ஏதோ வண்டி எண்ணெய் கூடக் குடிக்குது, இழுவை இல்லை, பாரம்தானே எண்டு விட்டிட்டன். ஒரு நாள் ஏஜக்ஸ் மண்டபத்தில இறங்கினா கருகின மணம், சில்லுக்குக் கிட்ட கையைக் கொண்டு போகேலாது, அவ்வளவு சூடு. தங்கச்சியின்ர மகன் லொறி மெக்கானிக், அவன் வந்து ஸ்டியரிங்குக்குக் கீழ தலையை விட்டுப் பாத்திட்டு அஞ்சு நிமிசமாச் சிரிச்சான், பேந்து சிரிக்காமல் எழும்பி வந்தான்.

அவன் காட்டினதைத்தான் எழுதுறன். கொன்ட்ரோலரில நாலு வயர் வரும். கறுப்பு பற்றரியின்ர பொசிற்றிவ்வுக்கு, வெள்ளை நெகற்றிவ்வுக்கு, நீலம் பின்னால ஏழு பின் பிளக்குக்கு, சிவப்பு பிறேக் பெடலுக்கு மேல இருக்கிற லைற் ஸ்விச்சுக்கு. இதில வில்லன் சிவப்புத்தான். அந்த ஸ்விச்சில எப்பவும் கரண்ட் நிக்கிற வயர் ஒண்டு இருக்கும், பெடலை மிதிச்சா மட்டும் கரண்ட் வாற வயர் ஒண்டு இருக்கும். சிவப்பைக் கொடுக்கவேண்டியது ரெண்டாவதில. என்ர வண்டியில திறப்புப் போட்ட உடன கரண்ட் வாற வயர் ஒண்டில கொடுத்து வைச்சிருந்தினம். கொன்ட்ரோலர் பாவம், நான் எந்த நேரமும் பெடலை மிதிச்சுக்கொண்டே ஓடுறன் எண்டு நினைச்சு மெல்லிசாப் பிடிச்சபடியே இருந்திருக்கு. வடிவாப் பிடிக்கிறது நான் அடிக்கேக்க மட்டும், அதால எனக்கும் பிழை தெரியேல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மிசின் ஒண்டும் வேண்டாம், ஒரு டெஸ்ட் லைற் காணும், முனையை வயரில வைச்சு ஒராளைப் பெடலை மிதிக்கச் சொல்லவேணும், மிதிக்கேக்க எரிஞ்சு விடேக்க அணைஞ்சா அதுதான் வயர்.

கறுப்பு வயரும் பிழை. காந்தம் ஒண்டு 3 அம்பியர் அளவில இழுக்கும், நாலுக்கு 12, அதை டாஷ்போட்டுக்குள்ள ஓடுற ஏதோ மெல்லிசு வயரில இருந்து எடுத்திருந்தது. பற்றரியில இருந்து நேர வரவேணும், நடுவில 20 அம்பியர் பிறேக்கர், கரண்ட் கூடினாத் தானா வெட்டிற சாமான். சாதாரண பியூஸ் போட வேண்டாமெண்டு மருமகன் சொன்னான், ஏனெண்டா பியூஸ் எரிஞ்சா அதோட பெட்டியின்ர பிறேக் சரி, திரும்ப மாத்துற வரைக்கும் இல்லை, தானாத் திரும்பிச் சேர்ற பிறேக்கர் எண்டா சூடு ஆறினாப் பிறகு மறுபடி கரண்ட் விடும். வயர் 10 கேஜ். கேஜில இலக்கம் குறையக் குறைய வயர் மொத்தம், 14 எண்டா 10ஐ விடப் பெரிசு எண்டு நினைச்சு வாங்கிக்கொண்டு வந்தது நான்தான், திருப்பிக் குடுத்தன். வெள்ளையை டாஷ்போட்டுக்குள்ள கண்ட இரும்பில முறுக்கி விடக்கூடாது, பற்றரி மட்டும் கொண்டு போகவேணும், கிரவுண்ட், அதாவது நெகற்றிவ்வுக்குப் போற அந்த இணைப்பு, சரியில்லாட்டி பிறேக் ஒருக்காப் பிடிக்கும் ஒருக்காப் பிடிக்காது, அது பிறேக் இல்லாததை விட மோசம். இவ்வளவுக்கும் முதல் செய்யவேண்டியது பற்றரியின்ர நெகற்றிவ்வைக் கழட்டி வைக்கிறது, அதைச் சொல்ல மறந்திட்டன்.

பேந்து வயரை வெட்டாமல் மேலால கடிச்சுப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் ஒண்டு இருக்கு, கடைக்காரருக்கு அது சரியான விருப்பம், ஒரு நெரி, வேலை முடிஞ்சுது. கலிபோர்னியாவில அது காணுமாக்கும். இஞ்சை டிசம்பரில இருந்து மார்ச் வரைக்கும் றோட்டில உப்புத்தான், அந்த உப்புத் தண்ணி வண்டிக்கு அடியில எங்கையெல்லாம் போகுமோ அங்கையெல்லாம் போய்ச் செம்பைப் பச்சையாக்கிவிடும். பின்னால ஏழு பின் பிளக்குக்குப் போற நீல வயரில அந்தக் கிளிப் போட்டிருந்தது, மருமகன் விரலால தொட்டான், கழண்டு வந்திட்டுது. இனி ஒரு பனிக்காலம் போயிருந்தா எனக்குப் பிறேக் இல்லை, எனக்கு அது தெரிஞ்சும் இருக்காது. நாங்கள் எல்லாத்தையும் வெட்டி நெரிச்சுச் சேர்த்து, சூடு காட்டினாச் சுருங்கிற குழாய் போட்டு மூடினம். பிளக்குக்குள்ள கிறீஸ் பூசினம்.

கொன்ட்ரோலரை எங்கை பூட்டுறது எண்டதிலயும் கதை இருக்கு. ரெண்டு சாதி இருக்கு. ஒண்டு நீங்கள் பெடலை மிதிச்ச உடன, மெல்ல மிதிச்சீங்களோ பலமா மிதிச்சீங்களோ பாக்காது, தன்ர கணக்குக்கு நேரத்தோட கரண்டைக் கூட்டிக்கொண்டு போகும், விலை குறைவு, சிவப்பு லைற்றுக்கு மெதுவாப் போய் நிக்கேக்க வெட்டி வெட்டி இழுக்கும். மற்றது வண்டி எவ்வளவு பலமா வேகம் குறையுது எண்டு தனக்குள்ளயே உணர்ந்து அதுக்கு அளவாப் பெட்டியையும் பிடிக்கும். நான் வாங்கினது ரெண்டாவது, மணவறைத் தூண் எல்லாம் பைபர்கிளாஸ், வெட்டி இழுத்தா உடைஞ்சு போகும். ஆனா உணர்ற சாமானை அது பாக்கவேண்டிய பக்கம் பாக்க வைக்கவேணும், வண்டி போற திசைக்கு நேரா, எவ்வளவு சரிவு மட்டும் விடலாம் எண்டு அதோட வாற புத்தகத்தில போட்டிருக்கும். கடையில என்ர வண்டியில அதைப் பக்கவாட்டாத் திருப்பி ஒரு மூலைக்குள்ள சொருகியிருந்தினம், கண்ணுக்குத் தெரியாமல் வடிவா இருக்கட்டாம். டெக்கரேஷன் செய்யிறது நானோ அவையோ தெரியேல்லை. கண்ணுக்குத் தெரியவும் வேணும், ஓடேக்க வலக்கை எட்டவும் வேணும், முழங்காலுக்கு ஏர்பாக் இருக்கிற வண்டியெண்டா அதுக்கு முன்னால பூட்டவே கூடாது.

ஏன் கை எட்டவேணுமெண்டா, அதில கையால அமத்திற ஒரு சின்ன நெம்பு இருக்கு. அதை அமத்தினா பெட்டி மட்டும் பிடிக்கும், வண்டி பிடிக்காது. காத்துக்கோ பெரிய லொறி தாண்டிப் போகேக்கயோ பெட்டி பாம்பு மாதிரி ஆட வெளிக்கிட்டா எங்கட கால் தானாப் பிறேக்குக்குத்தான் போகும், அது இன்னும் கூட்டும். காலை எல்லாத்திலயும் இருந்து எடுத்திட்டு அந்த நெம்பை மெல்ல அமத்தினா பெட்டி பின்னுக்கு இழுபட்டு நேராகும். 401இல அண்டைக்கு எனக்கு அது இருந்திருந்தா... சரி விடுங்கோ. ஆட்டத்துக்கு முதல் காரணம் பாரம் ஏத்தின விதம்தான், பெட்டியின்ர பாரத்தில 10இல இருந்து 15 வீதம் ஹிச்சில இருக்கவேணும், ஜெனரேட்டரைக் கதவுக்குக் கிட்ட வைச்சா இறக்க லேசு எண்டு நாங்கள் வைக்கிறது பெரிய பிழை.

கடைசியா அளவு வைக்கிறது, இதைச் செய்யாட்டி பூட்டினதில பிரயோசனமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய ஆக்களில்லாத ஒரு பாக்கிங் லொட்டுக்குப் போனம், சாமான் ஏத்தின பெட்டியோட, தரை காய்ஞ்சு தட்டையா இருக்கவேணும். முதல் நாலஞ்சு தரம் சும்மா பிடிச்சு விட்டு பிறேக்கைக் கொஞ்சம் சூடாக்கி, பேந்து 40இல ஓடிக்கொண்டு கை நெம்பை முழுக்க அமத்தவேணும். சில்லு இறுகி ரயர் கீச்செண்டா அளவு கூட, குறைக்கவேணும். பெட்டி சும்மா வருதெண்டா கூட்டவேணும். இறுகிறதுக்குக் கொஞ்சம் முன்னால நிக்கிற இடம்தான் அந்தப் பாரத்துக்குச் சரியான அளவு. "அந்தப் பாரத்துக்கு" எண்டதைக் கவனியுங்கோ, வெறும் பெட்டியோட அதே அளவில போனா மழை றோட்டில சில்லு இறுகி வழுக்கும், நான் இப்ப ஏத்தினதுக்கு ஒரு இலக்கம், ஏத்தாததுக்கு ஒரு இலக்கம் எண்டு துண்டில எழுதி டாஷ்போட்டில ஒட்டியிருக்கிறன். பெட்டிக்குக் கீழ ட்ரம்மிலயும் முதல் 300 கிலோமீற்றர் போல ஓடினாப் பிறகு கட்டையை ஒருக்காக் கிட்டக் கொண்டு வரவேணும், பேந்து 5,000க்கு ஒருக்கா. கன பெட்டியில அது தானா நடக்காது.

ஓ, இன்னொண்டு. பெட்டியின்ர முன்னால ஒரு மெல்லிசுக் கம்பிக் கயிறு தொங்கும், அதின்ர மற்ற முனையில ஒரு ஊசி. பெட்டி வண்டியை விட்டுக் கழண்டு போனா அந்த ஊசி இழுபட்டு பெட்டியிலயே இருக்கிற சின்னப் பற்றரி நாலு பிறேக்கையும் பிடிச்சு நிப்பாட்டும். போன மாசம் ஒரு மண்டப வாசலில ஒருத்தர் அதைக் கொண்டுபோய் ஹிச் பந்திலயே சுத்தி வைச்சிருந்தார், பந்தே கழண்டு போனா ஊசி எப்பிடி இழுபடும்? சங்கிலியிலயும் கொழுவக்கூடாது, வண்டியில தனியா ஒரு இடத்தில கொழுவவேணும். இன்னொருத்தர் அந்த ஊசியைக் கழட்டி வைக்கிறதைத்தான் பாக்கிங் பிறேக்காப் பாவிக்கிறார், அந்தப் பற்றரி எத்தினை நேரத்துக்கு? இழுத்த ஊசியோட பற்றரி செத்துப்போய்க் கிடக்கு, அவருக்குத் தெரியாது. நான் சொன்னன், கோவிச்சிட்டார்.

ஆசிரியர் அவர்களே, நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. உங்கட விளம்பரப் பக்கத்தில கிழமைக்கு ரெண்டு மூண்டு ட்ரெயிலர் விளம்பரம் வருது, "எந்த வானும் இழுக்கும்" எண்டு போடுகினம். மொத்தப் பாரம் எவ்வளவு, பிறேக் இருக்கோ, ஏழு பின் பிளக்கோ நாலு பின்னோ, இந்த மூண்டையும் போடாத விளம்பரத்தை எடுக்காதேங்கோ. கார் ஓடுற சாதாரண ஜி லைசென்சில 4,600 கிலோ வரைக்கும் இழுக்கலாம் எண்டபடியால் ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லித்தரப் போறதில்லை, சோதினையும் இல்லை. அந்தக் கோடைப் பக்கத்தை எழுதினவரும் ஒருக்கா மற்றப் பாதியையும் எழுதட்டும், மொன்றியல் கலியாணத்துக்குப் பெட்டியோட போறவை கியூபெக்கில சட்டம் வேற எண்டதையும் சேர்த்து. பூட்டிக் குடுக்கிற கடைக்காரர் சிவப்பு வயரை எதில கொடுத்தவை, பிறேக்கர் எத்தினை அம்பியர் எண்டு பில்லில ஒரு வரி எழுதித் தரட்டும், எழுதாட்டி வாங்கிறவை கேளுங்கோ.

என்ர பழைய பெட்டியை உங்கட பேப்பரிலதான் விளம்பரம் போட்டு வித்தனான். பிறேக் இல்லை, பெட்டியோட சேர்த்து 2,990 இறாத்தலுக்கு மேல ஏத்தாதேங்கோ எண்டு காசு குடுத்து ரெண்டு வரி கூடப் போட்டனான். ஒன்பது பேர் போன் அடிச்சவை. எட்டுப் பேர் விலையைக் குறைக்கேலுமோ எண்டு கேட்டவை, ஒருத்தர் பக்கத்தில இருக்கிற கொம்பனிப் பேர் அழியுமோ எண்டு கேட்டார்.

இப்படிக்கு,
மணவறைக்காரர் ஒருத்தர்,
ஸ்காபரோ